ஆளுநர் தேர்தலில் அரசியல் அனுபவமா, தொழிலில் சேர்த்த செல்வமா? வாக்காளர் எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

2010 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் இரண்டு பெரிய மாநிலங்கள் ஏறத்தாழ ஒரே கேள்விக்கு நேர்மாறான விடைகளைத் தந்தன.

கலிஃபோர்னியாவில் மெக் விட்மன் நின்றார். ஈபே என்ற இணைய வணிக நிறுவனத்தில் சுமார் 30 பேரே வேலை பார்த்த காலத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்து, பத்து வருடத்தில் அதை ஏறக்குறைய 15,000 பேர் வேலை செய்யும் நிறுவனமாக வளர்த்தவர். தேர்தலுக்காகத் தன் சொந்தப் பணத்தில் மட்டும் சுமார் 14.4 கோடி டாலர் இறைத்தார். எதிரே நின்ற ஜெர்ரி பிரவுனுக்கு 72 வயது. 1975 முதல் 1983 வரை அதே மாநிலத்தின் ஆளுநர், பிறகு ஓக்லண்ட் மேயர், அப்புறம் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி). அப்பா பேட் பிரவுனும் ஆளுநராக இருந்தவர்தான். பிரவுன் கிட்டத்தட்ட 54 சதவீதமும் விட்மன் 41 சதவீதமும் வாங்கினார்கள்.

அதே நாளில் ஃப்ளோரிடாவில் ரிக் ஸ்காட் ஜெயித்தார். அதற்கு முன் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. மருத்துவமனைத் தொழிலில் சம்பாதித்த பணத்தில் 7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். தோற்றவர் மாநிலத்தின் தலைமை நிதி அதிகாரியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அலெக்ஸ் சிங்க். இருவருக்கும் இடையே ஒரு சதவீதப் புள்ளி அளவுக்குத்தான் வித்தியாசம். சிங்க் அரசியலுக்கு வருமுன் பெரிய வங்கி அதிகாரியாக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'அரசியல்வாதி', 'தொழிலதிபர்' என்று ஆளுக்கொரு முத்திரை குத்துவது எவ்வளவு மேலோட்டமான வேலை என்று தெரியும்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தமிழ் பேசும் குடும்பத்திலிருந்து வந்து மருந்து நிறுவனம் தொடங்கிப் பெரும் பணக்காரரான விவேக் ராமசாமி, 2025 பிப்ரவரியில் ஒஹாயோ ஆளுநர் தேர்தலில் நிற்பதாக அறிவித்ததிலிருந்து நம்மவர் வீடுகளிலும் இந்தப் பேச்சு சூடாகிவிட்டது. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எப்படி எடைபோடலாம் என்பதற்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன்.

படி 1: அந்த மாநிலத்து ஆளுநருக்கு என்ன அதிகாரம் என்று பாருங்கள்

இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட், நிர்வாகம், பேரிடர், சிறைகள், மாநிலப் பல்கலைக்கழகங்கள் என்று அவர் பார்க்கும் வேலை நம் முதலமைச்சர் பார்ப்பது போன்றது. ஒரு வேறுபாடுதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருப்பதால் முதலமைச்சர் பதவியில் இருக்கிறார். அமெரிக்க ஆளுநருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சட்டமன்றம் முழுக்க எதிர்க்கட்சியின் கையில் இருக்கும்போதே நான்கு வருடம் ஓட்ட வேண்டி வரலாம்.

அதிகாரமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் சட்டமன்றம் வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 140 நாள்தான் கூடும். அங்கே செனட்டை நடத்துபவர் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும் துணை ஆளுநர். நியூ ஜெர்சியில் அட்டர்னி ஜெனரலையே ஆளுநர்தான் நியமிக்கிறார். வர்ஜீனியாவில் ஒருவர் தொடர்ந்து இரண்டு தடவை ஆளுநராக இருக்க முடியாது.

இது ஏன் முக்கியம்? வர்ஜீனியாவில் வேலை கற்றுக்கொள்ளவே ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் பதவிக்காலத்தில் கால்பங்கு போய்விட்டது. அங்கே முன் அனுபவத்துக்குக் கூடுதல் மதிப்பு தருவது நியாயம். இரண்டு தடவை தொடர்ந்து இருக்கலாம் என்ற மாநிலத்தில், புதியவர் தடுமாறி எழுந்து நிற்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

படி 2: அடுத்த நான்கு வருட வேலையை முதலில் எழுதுங்கள், வேட்பாளரை அப்புறம் பாருங்கள்

பெரும்பாலோர் செய்வது தலைகீழ். ஆளைப் பிடித்த பிறகு, அவரால் முடிகிற வேலைதான் மாநிலத்துக்குத் தேவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் ஒரு தாளில் மாநிலத்தின் முன் நிற்கும் பெரிய வேலைகளை மூன்றோ நான்கோ எழுதுங்கள்.

2010 கலிஃபோர்னியாவுக்கு அப்படி எழுதியிருந்தால் முதல் வரி பட்ஜெட் பற்றாக்குறைதான். பிரவுன் பதவி ஏற்றபோது சுமார் 2,500 கோடி டாலர் ஓட்டை. அடுத்த வரி, வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற விதி. 1978-இல் வாக்காளர்களே நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய பதின்மூன்றாம் எண் மக்கள் தீர்மானத்திலிருந்து இது இருக்கிறது. அப்படியென்றால் அந்த நேரத்தில் மாநிலத்துக்குத் தேவைப்பட்டவர் யார்? செலவைக் குறைக்கத் தெரிந்தவர், கூடவே எதிர்க்கட்சியிடமோ நேரடியாக மக்களிடமோ வரி கேட்கத் துணிந்தவர்.

விட்மன் 40,000 அரசுப் பணியிடங்களைக் குறைப்பேன் என்றார். தொழிலதிபர் வாயிலிருந்து வரும்போது நம்பும்படியாகவே இருந்தது. ஆனால் கலிஃபோர்னியாவின் பணம் பெரும்பகுதி பள்ளிகளுக்கும் மருத்துவ உதவித் திட்டங்களுக்கும் போகிறது. ஆட்குறைப்பால் மட்டும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது என்று பட்ஜெட்டைப் புரட்டியவருக்குப் புரிந்திருக்கும்.

பிரவுனும் உடனே சாதித்துவிடவில்லை. 2011-இல் வரி நீட்டிப்பை மக்கள் முன் வைக்கச் சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சியின் நாலு வாக்குக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அந்த ஜூனில் தன் ஜனநாயகக் கட்சியே நிறைவேற்றிய பட்ஜெட்டை வீட்டோ செய்தார், அதாவது ஒப்புதல் தர மறுத்தார். பிறகு வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கி, 2012-இல் முப்பதாம் எண் தீர்மானமாக வரி உயர்வை நேராக வாக்காளரிடம் கொண்டுபோய் ஜெயித்தார். 2019 ஜனவரியில் அவர் இறங்கியபோது மாநிலத்தின் கையில் சுமார் 1,400 கோடி டாலர் சேமிப்பு இருந்தது. பொருளாதாரம் மீண்டு வந்ததும் இதற்குக் காரணம், எல்லாப் புகழையும் அவருக்கே கொடுக்கக் கூடாது. ஆனாலும் ஒரு கதவு அடைபட்டால் அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைக் கேட்டால், அரசியல் அனுபவம் என்று மதிக்கத் தக்கது இதுதான்.

படி 3: செல்வம் எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள்

'வெற்றிகரமான தொழிலதிபர்' என்று விளம்பரத்தில் வந்தால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். பணம் பரம்பரையாக வந்ததா, நிறுவனம் கட்டி வந்ததா, நிறுவனங்களை வாங்கி விற்று வந்ததா? இந்த மூன்றும் மூன்று வேறு திறமைகள். டக் பர்கம் வடக்கு டகோட்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தை வளர்த்து 2001-இல் மைக்ரோசாஃப்டுக்குச் சுமார் 110 கோடி டாலருக்கு விற்றார். உள்ளூரில் வேலை உருவாக்கியவர் என்று ஊரே கண்ணால் பார்த்திருந்தது. 2016-இல் கட்சி மாநாடு அட்டர்னி ஜெனரலைத்தான் ஆதரித்தது. ஆனாலும் உட்கட்சித் தேர்தலில் பர்கம் ஜெயித்து ஆளுநரானார்.

அடுத்து, அந்தத் தொழில் சட்டத்தோடு எப்படி நடந்துகொண்டது? ரிக் ஸ்காட் தலைமை தாங்கிய கொலம்பியா எச்.சி.ஏ. நிறுவனத்தில் மத்திய அரசு விசாரணை நடந்தபோது, 1997-இல் அவர் விலகினார். மருத்துவக் காப்பீட்டுப் பில் மோசடிக்காக அந்த நிறுவனம் பின்னாளில் மொத்தம் 170 கோடி டாலர் கட்டியது. ஸ்காட் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. வாக்காளர் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2018-இல் இலினாய் ஆளுநர் பதவிக்கு நின்ற ஜே.பி. பிரிட்ஸ்கர் ஹயாத் ஹோட்டல் குடும்பத்து வாரிசு. சிகாகோவில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கிய மாளிகையில் கழிப்பறைகளைக் கழற்றிவிட்டு, அது குடியிருக்கத் தகுதியற்றது என்று காட்டிச் சொத்து வரிச் சலுகை வாங்கப்பட்டதாக 2018 தேர்தலுக்குச் சற்று முன் குக் கவுண்டி (மாவட்டம் போன்றது) கண்காணிப்பு அதிகாரியின் அறிக்கை சொன்னது. அவர் சுமார் 3.3 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டினார், தேர்தலிலும் ஜெயித்தார். கோடிகளைப் பற்றிய ஆயிரம் செய்திகளைவிட, வரி கட்டும் சாதாரண வீட்டுக்காரருக்கு இந்த ஒரு செய்தி அதிகம் சொல்லும்.

பதவிக்கு வந்தபின் தொழிலை யார் கவனிப்பார் என்பதும் பெரிய கேள்வி. மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கங்களும் கிரீன்பிரையர் உல்லாச விடுதியும் வைத்திருந்த ஜிம் ஜஸ்டிஸ் 2017-இல் ஆளுநரானார். சுரங்கத் தொழிலை மேற்பார்வையிடும் மாநில அரசுக்கே சுரங்க முதலாளி தலைவர் என்றால், எந்தக் கோப்பு மேசைக்கு வந்தாலும் சந்தேகம் கூடவே வரும். வேட்பாளரின் தொழிலுக்கு மாநில அரசின் அனுமதியோ ஒப்பந்தமோ வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால், சொத்தைத் தன் பார்வைக்கு வராத அறக்கட்டளையில் ஒப்படைக்க எழுத்தில் உறுதி தந்திருக்கிறாரா என்று தேடுங்கள். வருமான வரிக் கணக்கு எத்தனை வருடத்துக்கு வெளியிட்டிருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால் ஆண்டறிக்கைகள் எட்கர் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 'வழக்குகள்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். பங்குதாரருக்குப் பொய் சொன்னால் சட்டம் பாயும் என்பதால், தேர்தல் விளம்பரத்தைவிட அங்கே உண்மை அதிகம்.

படி 4: அனுபவத்தையும் அதே கண்டிப்போடு பாருங்கள்

1998-இல் கலிஃபோர்னியா ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலில் அல் செக்கி என்ற தொழிலதிபர் சுமார் 4 கோடி டாலர் சொந்தப் பணம் செலவழித்தார். அவரை வீழ்த்தியவர் கிரே டேவிஸ். ஜெர்ரி பிரவுனின் முதல் ஆட்சியில் தலைமை அலுவலர், சட்டமன்ற உறுப்பினர், மாநிலக் கணக்கு அதிகாரி, துணை ஆளுநர் என்று படிப்படியாக ஏறியவர். 'பணத்தால் வாங்க முடியாத அனுபவம்' என்பதே அவருடைய பிரசார வாசகம். சரி, என்ன ஆயிற்று? மின்சார நெருக்கடியும் பற்றாக்குறையும் கார் வரி உயர்வும் சேர்ந்து, 2003 அக்டோபரில் மக்கள் அவரைப் பாதியிலேயே திரும்ப அழைத்தார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் எந்தப் பதவியும் வகித்திராத நடிகர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர்.

இலினாயைப் பாருங்கள். ஜார்ஜ் ரயன், ராட் பிளாகோயெவிச் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு ஆளுநர்களும் பழுத்த அரசியல் அனுபவம் உள்ளவர்கள். இருவரும் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்கள். ஒபாமா காலி செய்த செனட் இடத்துக்கு ஆளை நியமிக்கும் அதிகாரத்தைக் காசாக்கப் பார்த்தார் என்பது பிளாகோயெவிச் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஆகவே எத்தனை வருடம் என்று எண்ணாதீர்கள். என்ன பொறுப்பு என்று கேளுங்கள். மேயர், அட்டர்னி ஜெனரல், கவுண்டித் தலைவர் ஆகியோர் ஆட்களை நியமித்து, பட்ஜெட் போட்டு, தவறு நடந்தால் திட்டு வாங்கியவர்கள். சட்டமன்ற உறுப்பினருக்குப் பேரம் பேசத் தெரியும், ஆனால் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஒரு துறையை நடத்தியிருக்க மாட்டார். அவர் பொறுப்பில் இருந்த காலத்து மாநிலத் தணிக்கை அறிக்கைகள் இருந்தால் தேடிப் படியுங்கள். கொண்டுவந்த சட்டங்களில் எதிர்க்கட்சி வாக்கும் பெற்று நிறைவேறியவை எவை என்று சட்டமன்ற இணையதளத்திலேயே பார்க்கலாம், யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலும் இருக்கும்.

படி 5: உத்தரவு போட முடியாதவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்?

மற்றப் படிகளுக்கு நேரமில்லை என்றாலும் இதை மட்டும் விடாதீர்கள். நிறுவனத் தலைவருக்குப் பிடிக்காத அதிகாரியை வெளியே அனுப்ப முடியும். ஆளுநரால் சட்டமன்ற உறுப்பினரை அனுப்ப முடியாது. தொழிலிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான்.

புரூஸ் ரௌனர் பங்கு முதலீட்டு நிறுவனம் நடத்திச் செல்வம் சேர்த்தவர். 2014-இல் பதவியில் இருந்த பேட் குவின்னைத் தோற்கடித்து இலினாய் ஆளுநரானார். சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம், கீழவையின் சபாநாயகர் பல பத்தாண்டுகளாக அதே நாற்காலியில் இருந்த மைக்கேல் மேடிகன். தொழிற்சங்கங்களின் பலத்தைக் குறைக்கும் மாற்றங்கள், சொத்து வரியை உயர்த்தாமல் நிறுத்திவைப்பது, பதவிக்கால வரம்பு ஆகியவற்றுக்கு ஒப்புக்கொண்டால்தான் பட்ஜெட் என்று ரௌனர் நின்றார். மேடிகனும் அசையவில்லை. 2015 ஜூலை 1 அன்று நிதியாண்டு தொடங்கியது, பட்ஜெட் இல்லை. 2016 ஜூலை வந்தது, அப்போதும் முழு பட்ஜெட் இல்லை.

பள்ளிகளுக்கான நிதியில் ரௌனர் கையெழுத்திட்டிருந்தார், அரசு ஊழியர் சம்பளம் நீதிமன்ற உத்தரவால் போய்க்கொண்டிருந்தது. அதனால் வெளியே பார்த்தால் மாநிலம் ஓடுவது போலவே தெரிந்தது. அடி விழுந்தது ஓரத்தில் இருந்தவர்களுக்கு. இலினாய் லூத்தரன் சமூக சேவை அமைப்பு 2016 ஜனவரியில் 30 திட்டங்களை மூடி 750 பணியிடங்களைக் குறைத்தது. முதியோரின் வீட்டுக்குப் போய் உதவுவது, போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களைக் கவனிப்பது மாதிரி வேலைகள் அவை. சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடி அறிவித்து, ஊழியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை வீட்டுக்கு அனுப்பியது. ஏழை மாணவர்களுக்கான மாநில உதவித்தொகை நின்றது. தாமதமாகக் கொடுத்த பில்களுக்கு மாநிலம் மாதம் ஒரு சதவீத வட்டி கட்ட வேண்டியிருந்தது. நிலுவை ஏறி ஏறி ஒரு கட்டத்தில் சுமார் 1,670 கோடி டாலரைத் தொட்டது. கடன் தர மதிப்பீடு 'குப்பை' என்ற தரத்துக்கு ஒரு படி மேலே வந்து நின்றது. கடைசியில் 2017 ஜூலை 6 அன்று, ரௌனரின் சொந்தக் கட்சியினர் சிலரும் சேர்ந்து வாக்களித்து, அவருடைய வீட்டோவை மீறிப் பட்ஜெட்டையும் வருமான வரி உயர்வையும் சட்டமன்றம் நிறைவேற்றியது.

தவறு ரௌனர் மீது மட்டும் இல்லை. எதிரே இருந்தவர் கைதேர்ந்த அனுபவசாலி, அந்த அனுபவமும் மக்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் உதவி நின்றுபோன மூதாட்டியை வைத்துப் பேரம் பேசலாம் என்று நினைப்பவரை, எவ்வளவு பெரிய நிறுவனத்தை நடத்தியிருந்தாலும், நான் ஆளுநராக ஏற்க மாட்டேன்.

இதற்கு எதிர் உதாரணம் மார்க் வார்னர். செல்பேசித் தொழிலில் ஆரம்ப காலத்திலேயே முதலீடு செய்து பெரும் பணம் பார்த்தவர், 2001-இல் வர்ஜீனியா ஆளுநராகத் தேர்வானார். இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடம். 2004-இல் விற்பனை வரியைக் கூட்டி, உணவுப் பொருள் மீதான வரியைக் குறைக்கும் ஒரு தொகுப்பைக் குடியரசுக் கட்சியினர் சிலரின் வாக்கையும் வாங்கி நிறைவேற்றினார். அவரும் பணக்காரர்தான், முன்பு எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாதவர்தான். ஆனால் மாநிலக் கட்சித் தலைவராக இருந்து தொண்டர்களோடு மல்லுக்கட்டியவர், 1996-இல் செனட்டுக்கு நின்று தோற்றவர்.

தொழிலதிபர் வேட்பாளரிடம் கேட்க வேண்டியது இதுதான்: தொழிற்சங்கத்துடனோ, ஒத்துவராத பங்குதாரருடனோ, கட்டுப்பாட்டு அமைப்புடனோ மோதல் வந்தபோது என்ன விட்டுக்கொடுத்தார், என்ன பெற்றார்? பதில் சொல்லத் தெரியாமல் 'நான் முடிவெடுப்பவன்' என்று மட்டும் சொன்னால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

படி 6: பிரசாரப் பணத்தின் வழியைத் தேடுங்கள்

சொந்தப் பணத்தைத் தன் பிரசாரத்துக்குச் செலவழிக்க வரம்பு வைக்க முடியாது என்று 1976-இல் பக்லி எதிர் வலேயோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'என் பணம்தான், என்னை யாரும் வாங்க முடியாது' என்பது இப்படிப்பட்டவர்களின் வழக்கமான வாதம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் 2018-இல் இலினாய்க்காரர்கள் பார்த்தது, சொந்தப் பணத்தில் 17 கோடி டாலருக்கு மேல் போட்ட பிரிட்ஸ்கரும் கோடிக்கணக்கில் போட்ட ரௌனரும் மோதியதை. அந்த மாநிலச் சட்டப்படி ஒரு வேட்பாளர் தன் பணத்தில் இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டினால், அந்தப் பதவிக்கான போட்டியில் எல்லோருக்கும் நன்கொடை வரம்பே நீங்கிவிடும். ஆகவே பணக்காரர் இறங்கினால் மற்றவர்களும் பெரிய நன்கொடையாளரைத் தேடி ஓட வேண்டிய நிலை.

அனுபவசாலியின் பின்னாலும் ஒரு கோடீஸ்வரர் இருக்கலாம். 2022-இல் இலினாய் ஆளுநர் பதவிக்கு நின்ற அரோரா நகர மேயர் ரிச்சர்ட் இர்வினுக்குக் கென் கிரிஃபின் என்ற ஒரே முதலீட்டாளர் 5 கோடி டாலர் கொடுத்தார். இர்வின் உட்கட்சித் தேர்தலில் மூன்றாமிடம்தான் வந்தார். பிரிட்ஸ்கருக்கும் பணம் எப்போதும் கைகொடுக்கவில்லை. வருமானத்துக்கேற்ற வரி விகிதத்துக்காக 5 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணம் போட்டும், 2020 நவம்பரில் அந்த அரசியலமைப்புத் திருத்தத்தை மக்கள் நிராகரித்தார்கள்.

நன்கொடைப் பட்டியலைக் கலிஃபோர்னியாவில் மாநிலச் செயலர் அலுவலகமும் இலினாயில் மாநிலத் தேர்தல் வாரியமும் இணையத்தில் வைத்திருக்கின்றன, மற்ற மாநிலங்களிலும் இப்படி ஓர் அலுவலகம் உண்டு. முதல் பத்துப் பெயர்களை எடுத்து, அவர்களுக்கு மாநில அரசிடம் என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 7: தாளில் எழுதி முடிவெடுங்கள்

படி 2-இல் எழுதிய வேலைகளை இடப்பக்கம் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, இந்த வேட்பாளர் இதற்கு நெருக்கமான எதையாவது செய்து காட்டியிருக்கிறாரா என்று ஒரு வரி எழுதுங்கள். வாக்குறுதிக்கு மதிப்பெண் கிடையாது, செய்ததற்கு மட்டும்தான். நான்கு வேலைக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள். மாநிலம் கடனில் தவித்தால் பட்ஜெட்டுக்கு மற்ற மூன்றையும் சேர்த்த அளவு எடை கொடுப்பதில் தப்பில்லை.

இரண்டு பேரும் சமமாக வந்தால், யாரைக் கூட வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். பட்ஜெட் இயக்குநராகவும் தலைமை அலுவலராகவும் யாரை நியமிப்பார் என்ற பேச்சு பிரசாரத்தின்போதே வெளிவரும். சட்டமன்றம் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைக்கும் தொழிலதிபரையும், கணக்குத் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைக்கும் அரசியல்வாதியையும் நம்பலாம்.

வேட்பாளர் தானே வாக்களித்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். விட்மன் பல வருடங்கள் தேர்தல்களில் வாக்களிக்காமல் இருந்தது 2009-இல் செய்தியானது, அவர் மன்னிப்பும் கேட்டார். பிரசாரத்தின்போது அது திரும்ப எழுந்தது.

இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. அதே வாக்குச்சீட்டில் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பெயரும் இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆளுநரோடு உட்கார்ந்து பேசப் போகிறவர் அவர்தான். நம்மில் பலர் அந்த வரியை விட்டுவிடுகிறோம், அல்லது கட்சிப் பெயரை மட்டும் பார்த்துக் குறி இடுகிறோம். இலினாயில் 2017 ஜூலையில் வீட்டோவை மீறியவர்கள் அந்த வரியில் வந்த பெயர்கள்தான். அவருக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். வாக்காளர் பதிவுக்கான கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், சில இடங்களில் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும். வீடு மாறியிருந்தால் முகவரியை இன்றே சரிபாருங்கள்.